போடிமெட்டுக்கு மேலே டென்ட் அடிக்கப் போகிறீர்களா? வண்டியையும் சாமானையும் பத்திரமாக வைக்க ஒரு வழிகாட்டி

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலையில் பாதி நம்முடையது, பாதி கேரளத்துடையது. போடிமெட்டு ஏறினால் சூரியநெல்லி, சின்னக்கானல், மூணாறு. அங்கிருந்து ஒரு பக்கம் டாப் ஸ்டேஷன், வட்டவடை. இன்னொரு பக்கம் மறையூர், காந்தலூர். தேனி, மதுரையிலிருந்து வார விடுமுறைக்கு பைக்கில் ஏறுகிற இளைஞர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். எங்கே தங்கலாம், எந்த டென்ட் வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வண்டியை எங்கே விடுவது என்று கேட்பவர்கள் குறைவு. நானும் முதலில் கேட்கவில்லை.

என் பொருள் முதன்முதலில் காணாமல் போனது காட்டில் இல்லை. கூட்டம் அலைமோதும் ஒரு வியூ பாயின்ட்டில், பட்டப்பகலில். பைக்கின் சைடு பையில் அடுப்பு, மழைக்கோட்டு, கேமரா சார்ஜர் எல்லாம் இருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது பை மொத்தமும் இல்லை. பட்டையை அறுத்து எடுத்திருந்தார்கள். அதே வருடம் ஒரு எஸ்டேட் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பக்கம், டீக்கடை வாசலில் இரண்டு இரவு வண்டியை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வண்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தது. ராத்திரி மழை பெய்ததாம், கடைக்கார அக்கா போர்த்தியிருக்கிறார்.

இந்த இரண்டு அனுபவத்துக்கும் நடுவில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் 'யாருப்பா அது?' என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால்தான் பூட்டால் பயன். அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள், அப்புறம் பூட்டைப் பாருங்கள்.

புறப்படும் முன், வீட்டில்

கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுங்கள். டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, ஹெட் டார்ச், பவர் பேங்க் எல்லாமே படத்தில் வரட்டும். கேமராவின் சீரியல் நம்பரைக் கிட்டத்தில் தனியாக எடுங்கள். போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பில் இருந்தால் அதற்கும் ஒரு போட்டோ. இவை எல்லாவற்றையும் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எல்லாம் உங்கள் போனிலேயே இருந்து, அந்தப் போனே தொலைந்துபோனால் என்ன செய்வீர்கள்?

வண்டியின் அசல் ஆர்.சி. புக்கை வீட்டில் வைத்துவிடுங்கள். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யும் லைசென்ஸும் சோதனையில் செல்லும். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் கீழேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவியும் வீட்டில்தான் இருக்க வேண்டும். வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். பையில் போட்டுக்கொண்டு போய்ப் பையோடு தொலைத்துவிட்டால், வண்டி போன கவலையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் இன்சூரன்ஸ் எந்த வகை என்று பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு பைசாகூட வராது. காம்பிரிஹென்சிவ் அல்லது ஓன் டேமேஜ் பாலிசி இருக்க வேண்டும். அதிலும் பொதுவாக வண்டிக்குத்தான் பணம் வரும். வண்டிக்குள் இருந்த கேமராவுக்கும் டென்டுக்கும் வராது.

டென்ட் கம்பி, அடுப்பு, பாட்டில், பை என எல்லாவற்றிலும் ஒரே நிறத்தில் பெயின்டால் ஒரு வளையம் போடுங்கள். நான் மஞ்சள் போடுகிறேன். எங்கேயாவது பார்த்தால் நம்முடையது என்று தூரத்திலேயே தெரியும், பலர் தங்கும் கேம்பில் மாறிப்போகவும் செய்யாது. அப்புறம் ஒரு உரச்சாக்கு. புதுப் பை பளபளவென்று கேரியரில் இருந்தால் எல்லோர் கண்ணும் அதில்தான் விழும். அதை ஒரு பழைய உரச்சாக்குக்குள் போட்டுச் சணல் கயிற்றால் கட்டிவிட்டால், காய்கறிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு போகிற ஆள் மாதிரி இருக்கும். மழைக்கும் தாங்கும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சாமானைக் கட்டும்போது கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கட்டு தளர்ந்து கீழே விழுந்து போனதும் திருட்டுப் போனதும் நமக்கு ஒன்றுதான். மேலே ஏறியதும் செக்போஸ்ட் பக்கம் நிறுத்தி ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

அனுமதி இல்லாத இடத்தில் தங்காதீர்கள்

இதைத் திருட்டுப் பற்றிய கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், அனுமதி இல்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் டென்ட் அடித்தவர் பொருள் தொலைந்தால் புகார் கொடுக்கவே தயங்குவார். எங்கே தொலைந்தது என்று சொன்னால் அவர் மேலேயே வழக்கு வரும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ரகசியமாகத் தங்குகிறவர் எதை இழந்தாலும் வாயைத் திறக்க மாட்டார் என்பது எடுக்கிறவனுக்கும் தெரியும்.

2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போடிக்காரர்கள் யாருக்கும் அந்த நாள் மறக்காது. இப்போது தமிழ்நாட்டு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழித்தடங்களை ஆன்லைனில் பதிவு செய்ய வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கினார்கள், குரங்கணி - சாம்பலாறும் அதில் உண்டு. கேரளப் பக்கம் மீசைப்புலி மலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் மூலம்தான் போக வேண்டும். தனியார் எஸ்டேட்டிலும் ஹோம்ஸ்டேயிலும் டென்ட் போட இடம் தருகிறார்கள். எங்கே தங்கினாலும் உங்கள் பெயரும் வண்டி நம்பரும் ஒரு நோட்டில் ஏறியிருக்கட்டும். அதுவே ஒரு காவல்.

வேட்டைக்கு இங்கே இடமே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சுருக்குக் கம்பி, கவண் மாதிரி எதையும் விளையாட்டுக்குக்கூடப் பையில் போடாதீர்கள். செக்போஸ்ட்டில் மாட்டினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

வண்டியை எங்கே விடுவது

முதல் வழி, மேலே கொண்டுபோகாமலே இருப்பது. கொழுக்குமலைக்கு எப்படியும் சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில்தான் போக வேண்டும். அந்தப் பாதையில் உங்கள் வண்டியை விட்டு வதைக்கத் தேவையில்லை. சூரியநெல்லியில் ஜீப் ஏற்பாடு செய்கிற இடத்திலேயே நிறுத்த இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூணாறில் லாட்ஜிலோ ஹோம்ஸ்டேயிலோ அறை எடுத்திருந்தால் அங்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம்.

மேலே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் என் வரிசை இது: முதலில் வனத்துறையின் செக்போஸ்ட் அல்லது கேம்ப் ஆபீஸ் வாசல். அடுத்து ஆள் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த டீக்கடை. அதுவும் இல்லையென்றால் எஸ்டேட் லயத்துப் பக்கம், கோயில் அல்லது சர்ச் வாசல், எங்கே ஆனாலும் கேட்டுவிட்டு. கடைசியாகத்தான் ரசீது கொடுக்கும் பார்க்கிங். ரசீதின் பின்னால் 'பொருட்களுக்குப் பொறுப்பில்லை' என்று அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போய்விடும் இடங்களும் உண்டு. பகலில் திருவிழா மாதிரி இருக்கிற வியூ பாயின்ட் ராத்திரி எட்டு மணிக்கு ஆளில்லாத மேடு. அதனால் "ராத்திரி இங்கே யார் இருப்பாங்க?" என்று கேட்காமல் வண்டியை விடாதீர்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். ஊர் எது, எங்கே போகிறீர்கள் என்று பேச்சு தானாக வரும். மூணாறு, மறையூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. நாலு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் கேளுங்கள்: "அக்கா, வண்டிய இங்க ஓரமா விட்டுட்டுப் போகட்டுமா? நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். இது என் நம்பர், வண்டிய நகத்தணும்னா கூப்பிடுங்க." இதில் மூன்று விஷயம் இருக்கிறது. அனுமதி கேட்டாயிற்று, திரும்பும் நேரம் சொல்லியாயிற்று, நம்பர் கொடுத்தாயிற்று. மலையாளம் பேசும் கடைக்காரர் என்றால் "சேட்டா" என்று ஆரம்பித்துத் தமிழிலேயே பேசலாம், புரியும். ஒரு தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்வது மரியாதை. வாங்க மறுத்தால் வரும்போது அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வர முடியாவிட்டால் எப்படியாவது தகவல் சொல்லிவிடுங்கள். உங்களைக் காணோம் என்று அந்த மனிதர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைச் சொல்வது கடைக்காரரிடம் மட்டும். கடையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி 'மூணு நாளைக்கு இந்தப் பக்கமே வர மாட்டோம்' என்று பேசாதீர்கள். மலையில் இருந்துகொண்டே இன்ஸ்டாகிராமில் படம் போடுவதும் அதே கதைதான். இறங்கிய பிறகு போடுங்கள்.

பூட்டும் விதம்

பைக்கை முன்சக்கரம் சுவரையோ மண்மேட்டையோ முட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துங்கள். உருட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் முதலில் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். சரிவில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்டில் லாக் மட்டும் போதாது, ஓங்கி ஒரு திருகு திருகினால் அது உடைந்துவிடும். டிஸ்க் லாக் (டிஸ்க் பிரேக் தட்டில் மாட்டும் பூட்டு) போடுங்கள், கூடவே ஹேண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். விடிகாலைக் குளிரில் டிஸ்க் லாக் போட்டதை மறந்து வண்டியை எடுத்து பிரேக் காலிப்பரை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மெக்கானிக் கிடைப்பது கஷ்டம்.

சங்கிலி கொண்டுபோனால் பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு தூணிலோ இரும்புக் கம்பத்திலோ பூட்டுங்கள். இரண்டு பைக் என்றால் ஒன்றோடொன்று பூட்டுங்கள். சங்கிலியும் பூட்டும் தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடக்கும் பூட்டின் மேல் கல்லைப் போட்டு உடைப்பது சுலபம், காற்றில் தொங்கும் பூட்டை உடைப்பது கஷ்டம். சைடு பை, டேங்க் பை, மொபைல் ஹோல்டர் எதையும் வண்டியில் விடாதீர்கள். ஹெல்மெட்டை வண்டிப் பூட்டில் தொங்கவிட்டால் பட்டையை அறுத்துவிடுவார்கள், கடைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

ஜி.பி.எஸ். டிராக்கர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது தகவல் அனுப்ப மொபைல் சிக்னல் வேண்டும். வட்டவடைக்கு அப்பால், கொழுக்குமலைச் சரிவுகளில் அது ஊமையாகத்தான் இருக்கும். ஆனாலும் வைக்கலாம் என்பேன். எடுத்தவன் வண்டியை விற்க ஏதாவது ஊருக்குத்தான் இறக்க வேண்டும், சிக்னல் வந்ததும் அது பேச ஆரம்பிக்கும். பக்கத்தில் இருக்கும் போன்களை நம்பி வேலை செய்யும் புளூடூத் வில்லைகளால் ஆளில்லாத மலையில் பெரிய பயன் இல்லை.

காருக்கு ஒரே ஒரு விஷயம் அழுத்தமாகச் சொல்கிறேன்: நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து பையை உள்ளே வைக்காதீர்கள். நீங்கள் எதை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்க யாராவது இருப்பார்கள். ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே எல்லாவற்றையும் டிக்கிக்கு மாற்றிவிட்டு வாருங்கள். டேஷ்போர்டு பெட்டியைக் காலியாக்கித் திறந்தே விடுங்கள். சீட்டில் ஒரு சார்ஜர் ஒயர்கூடக் கிடக்கக் கூடாது. கண்ணாடியை உடைத்த பிறகுதான் அது வெறும் ஒயர் என்று அவனுக்குத் தெரியும், கண்ணாடி உங்களுடையது.

டென்டில்

டென்ட் ஜிப்புக்குப் பூட்டுப் போடாதீர்கள். துணியை பிளேடால் கிழிக்க ஒரு நொடி போதும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பூட்டே காட்டிக்கொடுக்கும். போன், பர்ஸ், சாவி மூன்றும் ஒரு சின்னப் பையில், எப்போதும் உடம்போடு. தூங்கும்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில். ஷூவை வெளியே விடாதீர்கள். தோட்டத்து நாய்கள் ஒற்றை ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மிச்ச ஒற்றையை வைத்துக்கொண்டு மலை இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்பையும் பாத்திரங்களையும் ஒன்றாகக் கட்டி டென்ட் வாசலில் வையுங்கள், யார் தொட்டாலும் சத்தம் வரும்.

பகலில் எல்லோரும் கிளம்பிப் போக வேண்டுமென்றால் ஒருவர் இருப்பது நல்லது. முடியாவிட்டால் கேம்ப் வாச்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ராத்திரி ஆள் நடமாட்டம் தெரிந்தால் டார்ச் அடித்துக் குரல் கொடுங்கள், துரத்திக்கொண்டு இருட்டுக்குள் ஓடாதீர்கள். டென்ட் போனால் வேறு வாங்கலாம். அந்தச் சத்தம் மனிதன்தானா என்றும் தெரியாது.

குரங்கும் யானையும்

மலையில் பொருள் போவதில் பெரிய பங்கு இவற்றுக்குத்தான் என்பது என் அனுபவம். குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் தீனி என்று தெரியும். பைக் சீட்டைக் கிழிக்கும், பக்கக் கண்ணாடியைத் திருகும். சாப்பாட்டை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள், கவரைக் கண்ணில் காட்டாதீர்கள்.

யானை விஷயம் இன்னும் கவனம். சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கி வந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. யானை வாசனையை வைத்துச் சுவரையே உடைக்கும் என்றால் கார் கதவு எம்மாத்திரம்? ராத்திரி நிறுத்தும் வண்டியில் அரிசி, உப்பு, வாழைப்பழம், பலாப்பழம், அன்னாசி எதுவும் இருக்கக் கூடாது. மறையூர் வெல்லம் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். அதைத் திரும்பும் நாளில் கடைசியாக வாங்குங்கள், முதல் நாளே வாங்கிக் காட்டோரம் நிறுத்தாதீர்கள்.

போனால் என்ன செய்வது

சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து 112 அழையுங்கள். போன் போயிருந்தால் நண்பரின் போனிலிருந்து முதலில் வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யையும் கார்டையும் நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930. அடுத்து சிம் நிறுவனம். அப்புறம் ஸ்டேஷன்.

எல்லைப் பகுதியில் வரும் பெரிய குழப்பம், எந்த ஸ்டேஷன் என்பது. கேரளப் பக்கம் தொலைத்துவிட்டு போடியில் வந்து நின்றால், அங்கே போ என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஆனால் முடிந்தால் சம்பவம் நடந்த பகுதி ஸ்டேஷனிலேயே கொடுப்பது நல்லது, தேடப்போவது அவர்கள்தான். மூணாறு, மறையூர்ப் பக்கம் தமிழ் தெரிந்த காவலர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பலாம். சின்னப் பொருளுக்கு அது போதும். வண்டிக்குப் போதாது, இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர்.தான் வேண்டும்.

போனைப் பொறுத்தவரை புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். ஓ.டி.பி. வருவதற்கு அதே நம்பரில் புது சிம் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

வண்டி போயிருந்தால் அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். சிக்னல் இல்லாமல் தாமதமானால் பதற வேண்டாம். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னது ஒன்றையே காரணமாக வைத்துப் பணம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டி கிடைக்கவே இல்லை என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் நான்-டிரேசபிள் சர்டிபிகேட்டோடு சாவிகள், ஆர்.சி. எல்லாம் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். கிடைத்துவிட்டால் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், அந்தப் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டுத்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அது வெளியிலேயே நனைந்துகொண்டிருக்கும் என்பதால் தகவல் வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். போகும்போது வீட்டில் வைத்த அசல் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.